குமாஸ்தா கைக்கு எட்டிய ஸ்போர்ட்ஸ் கார்

மஸ்டாங் ஜெயித்தது எப்படி? போட்டிக் கார்கள் சறுக்கியது எங்கே?

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அது பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று எல்லா ஊரிலும் ஒரு நினைப்பு உண்டு. தாழ்ந்த கூரை, நீண்ட மூக்கு, இரண்டே கதவு, முன்னால் சாய்ந்து உட்காரத் தனித்தனி ஆசனம். சினிமாவில் கதாநாயகன் அதில் வந்து இறங்குவான். மாதச் சம்பளக்காரன் பஸ் நிறுத்தத்தில் நின்று அதைப் பார்ப்பான்.

இந்த வழக்கத்தை 1964-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு கார் மாற்றிக் காட்டியது. அதன் பெயர் மஸ்டாங். போர்டு கம்பெனியின் தயாரிப்பு. மஸ்டாங் என்றால் அமெரிக்கப் புல்வெளிகளில் கட்டுக்கு அடங்காமல் திரியும் குதிரை. காரின் முகப்பிலும் ஓடுகிற குதிரைதான் சின்னம்.

1964 ஏப்ரல் 17-ந்தேதி இந்தக் கார் விற்பனைக்கு வந்தது. அன்று ஒரே நாளில் 22 ஆயிரம் பேர் ஆர்டர் கொடுத்தார்கள். ஓராண்டு முடிந்தபோது விற்றிருந்த கார்கள் 4 லட்சத்து 18 ஆயிரத்து 812.

இத்தனை கூட்டத்துக்குக் காரணம் விலை. 2,368 டாலர்! அந்த ஆண்டின் நாணய மாற்றுப்படி ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு. நம் பணத்தில் சுமார் 11 ஆயிரத்து 270 ரூபாய். அமெரிக்க ஆலைத் தொழிலாளி அப்போது சராசரியாக வாரத்துக்கு 100 டாலரை ஒட்டிச் சம்பாதித்தார். அப்படியானால் இந்தக் காரின் விலை ஏறக்குறைய ஆறு மாதச் சம்பளம். டைப் அடிக்கும் பெண்ணும், பள்ளிக்கூட ஆசிரியையும், கணக்கு எழுதும் குமாஸ்தாவும் தவணையில் வாங்கிவிடலாம். வாங்கினார்கள்.

மலிவான விலையில் நல்ல பொருள் கிடைத்தால் விவரம் தெரிந்த சம்பளக்காரன் இரண்டு கேள்வி கேட்பான். இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுக்கிறார்கள்? எதைக் குறைத்துக் கொடுக்கிறார்கள்? மஸ்டாங்கையும், அதே சமயத்தில் ஏறக்குறைய அதே விலையில் கடையில் இருந்த இரண்டு போட்டிக் கார்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இந்த இரண்டு கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

ஓட்டல்காரர் மகன்

மஸ்டாங்கைக் கொண்டு வந்தவர் லீ அயகோக்கா. 1924-ல் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஆலன்டவுன் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா இத்தாலி நாட்டில் இருந்து பிழைக்க வந்தவர். ஊரில் சிறிய உணவுக்கடை நடத்தினார். பிழைக்க வந்தவரின் பிள்ளை என்ஜினீயரிங் படித்து, 1946-ல் போர்டு கம்பெனியில் பயிற்சி என்ஜினீயராகச் சேர்ந்தார். ஆனால் தொழிற்சாலையில் அவர் மனம் ஒட்டவில்லை. விற்பனைப் பகுதிக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார்.

1956-ம் ஆண்டில் அவர் வேலை பார்த்த பிலடெல்பியா பகுதியில் போர்டு கார் விற்பனை படுத்துவிட்டது. அயகோக்கா ஒரு தவணைத் திட்டம் போட்டார். விலையில் ஐந்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்ட வேண்டியது. மீதியை மாதம் 56 டாலர் வீதம் மூன்று ஆண்டுக்குக் கட்ட வேண்டியது. 56-ம் வருடக் கார், மாதம் 56 டாலர்! கேட்டதும் மனதில் ஒட்டிக்கொள்ளும் கணக்கு. விற்பனை ஏறியது. அயகோக்காவும் ஏறினார். 1960-ல் அவருக்கு 36 வயது. போர்டு காரின் பிரிவு முழுவதற்கும் அவரே தலைவர்.

சம்பளக்காரன் காரின் மொத்த விலையைப் பார்ப்பதில்லை, மாதம் எவ்வளவு என்றுதான் பார்க்கிறான் என்பதை அயகோக்கா அன்றே தெரிந்துகொண்டார்.

இரண்டாம் உலகப்போர் முடிந்து பிறந்த குழந்தைகள் 1960-களில் வாலிபர்களாகிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஓட்டும் பெரிய படகு போன்ற கார் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவர்களுக்கு ஒரு கார் செய்ய வேண்டும் என்றார் அயகோக்கா. முதலாளி ஹென்றி போர்டு (இரண்டாமவர்) லேசில் சம்மதிக்கவில்லை. காரணம், 1957-ல் ஆரவாரமாக வெளியிட்ட எட்சல் என்ற கார் போணியாகாமல் 1959-ல் கடையைக் கட்டியிருந்தது. நஷ்டம் சுமார் 25 கோடி டாலர். சூடு கண்ட முதலாளி மறுபடி பணத்தைக் கொட்டுவாரா? குறைந்த செலவில் முடிவதானால் செய்யுங்கள் என்பதே கடைசியில் கிடைத்த அனுமதி.

பழைய உடம்பு, புதுச் சட்டை

அதற்கு அயகோக்கா கண்ட வழிதான் இந்தக் கதையின் முடிச்சு.

போர்டு கம்பெனியில் அப்போது பால்கன் என்று ஒரு சிக்கனக் கார் இருந்தது. குடும்பத்துக்கு உதவும் கார். பார்க்க ஒன்றும் இருக்காது. கணக்கில் கெட்டிக்காரரான ராபர்ட் மக்னமாரா போர்டில் இருந்தபோது கொண்டு வந்த கார் அது. 1961-ல் கென்னடி அரசில் ராணுவ மந்திரி ஆனாரே, அதே மக்னமாராதான்.

அந்தப் பால்கனின் என்ஜின், கியர், அச்சு, சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, மேலே புது உடம்பு கட்டினார்கள். ரெயில் பெட்டிகளில் அடியில் ஓடும் சக்கரத் தொகுதி ஒரே மாதிரி இருக்கும். மேலே கட்டும் பெட்டி மட்டும் ஒன்று மர பெஞ்சு, ஒன்று மெத்தை ஆசனம் என்று மாறும். அதே கதைதான். 1962-ல் கம்பெனிக்குள்ளேயே வடிவமைப்பாளர்களுக்குப் போட்டி வைத்தார்கள். ஜோ ஓரோஸ் என்பவரின் குழு செய்த மாதிரி ஜெயித்தது. நீண்ட மூக்கு, குட்டையான வால். பால்கனுக்கும் இதற்கும் ரத்த சம்பந்தம் உண்டு என்று சத்தியம் செய்தாலும் பார்க்கிறவன் நம்பமாட்டான்!

2,368 டாலர் கொடுத்தால் கிடைப்பது என்ன? முன்னால் தனித்தனி ஆசனம், தரையில் கம்பளம், கீழே இருந்து எழும் கியர்த் தடி, சக்கரத்துக்குப் பளபளப்பான மூடி. என்ஜின் மட்டும் பால்கனின் ஆறு சிலிண்டர் என்ஜின், 101 குதிரைச் சக்தி. வேகத்தைப் பொறுத்தவரை இது ஸ்போர்ட்ஸ் காரே அல்ல. ஸ்போர்ட்ஸ் கார் மாதிரி!

ஆனால் கூடவே நீளமான ஒரு பட்டியல் கொடுத்தார்கள். எட்டு சிலிண்டர் என்ஜின் வேண்டுமா, தனி விலை. தானாக மாறும் கியர், ரேடியோ, குளிர்சாதனம் எதுவானாலும் தனி விலை. ஓட்டல் போர்டில் எழுதியிருக்கும் விலை இட்லிக்கு மட்டும். நெய், வடை, காப்பி எல்லாம் பில்லில் சேரும். மஸ்டாங் வாங்கியவர்கள் சராசரியாக 1,000 டாலர் அளவுக்கு மேல் சாமான்கள் கேட்டு வாங்கினார்கள். கம்பெனிக்கு லாபம் அதில்தான்.

விளம்பரத்திலும் போர்டு அசத்தியது. விற்பனைக்கு முந்தின நாள் இரவு அமெரிக்காவின் மூன்று டெலிவிஷன் கம்பெனிகளிலும் ஒரே நேரத்தில் மஸ்டாங் விளம்பரம் ஓடியது. டைம், நியூஸ்வீக் ஆகிய இரண்டு வாரப் பத்திரிகைகளும் ஒரே வாரத்தில் அயகோக்கா படத்தை அட்டையில் போட்டன. பால்கன் தன் முதல் ஆண்டில் 4 லட்சத்து 17 ஆயிரத்து 174 விற்றிருந்தது. அதை மிஞ்ச வேண்டும் என்று "4-ம் மாதம் 17-க்குள் 417 ஆயிரம்" என்பதையே கோஷமாக்கினார் அயகோக்கா. மிஞ்சியது 1,638 கார்.

முந்தி வந்த மீன்

மஸ்டாங் வருவதற்கு 16 நாள் முன்னதாகவே, 1964 ஏப்ரல் 1-ந்தேதி, கிரைஸ்லர் கம்பெனி தன் காரை இறக்கிவிட்டது. அதன் பெயர் பிளைமவுத் பாரகுடா. பாரகுடா என்பது கூரிய பற்கள் உள்ள சீலா மீன். தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துக்காரர்களுக்கு அதன் கடியும் தெரியும், ருசியும் தெரியும்.

பிளைமவுத் என்ற பெயர் பம்பாய்க்கும் புதிதல்ல. குர்லாவில் இருந்த பிரீமியர் தொழிற்சாலை, பியட் கார் செய்வதற்கு முன்பு, கிரைஸ்லர் கம்பெனியின் டாட்ஜ், பிளைமவுத் கார்களைத்தான் இங்கே பூட்டி விற்றது.

பாரகுடாவும் மஸ்டாங் போலவே பிறந்தது. அடியில் வேலியண்ட் என்ற சிக்கனக் கார். மேலே சாய்ந்த கூரை. விலையும் ஏறக்குறைய அதே. ஆரம்ப என்ஜினும் அதே 101 குதிரைச் சக்தி. பின்பக்கக் கண்ணாடி மட்டும் அதிசயம். 14 சதுர அடிக்கும் மேல்! அதுவரை எந்தக் காரிலும் அவ்வளவு பெரிய கண்ணாடி வைத்ததில்லை. பின் ஆசனத்தை மடக்கிவிட்டால் ஏழு அடி நீளத்துக்குச் சாமான் வைக்கலாம். குடும்பஸ்தனுக்கு மஸ்டாங்கைவிட உதவியான கார் என்றே சொல்ல வேண்டும்.

இருந்தும் அந்த முதல் பருவத்தில் விற்றது 23 ஆயிரத்து 443 கார்தான். ஏன்?

கிரைஸ்லர் செலவைச் சுருக்கியது கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்! காரின் பின்பாதி புதிது. முன்பாதி, அதாவது முகம், பழைய வேலியண்டின் முகம். பின்னால் வேலியண்ட் என்ற பெயர்ப் பலகை வேறு. கல்யாணத்துக்குப் புது வேட்டி கட்டி, மேலே ஆபீஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு போனது மாதிரி ஆகிவிட்டது. போர்டு கம்பெனி பழையதை அடியில் மறைத்து, புதியதை மேலே காட்டியது. கிரைஸ்லர் பழையதை முகத்திலேயே காட்டியது. வித்தியாசம் அவ்வளவுதான்.

பின்பாரம் ஏறிய வண்டி

மூன்றாவது கார் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் செவர்லே கார்வேர். 1960-ம் ஆண்டு மாடலாக வந்தது. அதில் மோன்சா என்ற இரண்டு கதவு வகை வாலிபர்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. மலிவான காரில் கொஞ்சம் சொகுசு வைத்தால் ஜனங்கள் வாங்குவார்கள் என்று அயகோக்காவுக்குக் காட்டியதே மோன்சாவின் விற்பனைதான். 1964-ல் அதன் விலை 2,300 டாலருக்குச் சற்றுக் குறைவு.

மூன்றிலும் உண்மையில் புதுமையான கார் இதுதான். என்ஜின் பின்னால். அதுவும் அலுமினிய என்ஜின், தண்ணீர் இல்லாமல் காற்றிலேயே குளிரக்கூடியது. ரேடியேட்டர் கிடையாது, கொதிக்கிறது என்று ஓரமாக நிறுத்தும் தொல்லை கிடையாது. காருக்குள் நடுவில் மேடு இல்லாமல் தரை சமமாக இருக்கும். பழைய பாகங்களை ஒட்டுப்போடாமல் புதிதாகச் சிந்தித்துச் செய்த கார்.

அந்தக் காருக்குத்தான் கெட்ட பெயர் வந்தது!

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்குப் பின்பாரம் என்றால் தெரியும். பாரம் பின்னால் ஏறினால் நுகத்தடி தூக்கும், வண்டி சொன்ன பேச்சு கேட்காது. கார்வேரில் என்ஜின் பாரம் முழுவதும் பின் சக்கரத்துக்கு மேலே. அதோடு பின் சக்கர அச்சு உள்பக்கம் மட்டுமே மடங்கும் வகை. வளைவில் வேகமாகத் திருப்பினால் சக்கரம் காரின் அடிக்கு மடங்கிக்கொண்டு, பின்பக்கம் தூக்கிச் சுழற்றிவிடும் ஆபத்து இருந்தது.

இதைச் சமாளிக்கக் கம்பெனி ஒரு வழி சொன்னது. முன் டயருக்கு 15 பவுண்டு காற்று, பின் டயருக்கு 26 பவுண்டு காற்று. இந்தக் கணக்கு தவறக் கூடாது. பெட்ரோல் பங்கில் காற்று அடிக்கும் பையனுக்கு இது தெரியுமா? எல்லாக் காருக்கும் நாலு டயருக்கும் ஒரே மாதிரி அடிப்பவன் இதற்கும் அப்படியே அடிப்பான். ஓட்டுகிறவரும் கவனிக்கமாட்டார்.

கார் சாயாமல் தடுக்க முன்பக்கம் குறுக்கே போடும் ஒரு இரும்புக் கம்பி உண்டு. 1960 முதல் 1963 வரை வந்த கார்வேர்களில் அந்தக் கம்பி சாதாரணமாகக் கிடையாது. 1964 மாடலில்தான் எல்லாக் கார்களிலும் வந்தது. 1965 மாடலில் பின் அச்சு அமைப்பையே மாற்றிச் சரி செய்தார்கள். அதற்குள் விபத்துக்கள் நடந்து, கம்பெனி மீது நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகள் வந்துவிட்டன.

மூன்றையும் எடை போட்டால்

சாதாரண என்ஜினில் மஸ்டாங்குக்கும் பாரகுடாவுக்கும் 101 குதிரைச் சக்தி, மோன்சாவுக்கு 95. பெரிய தொகை கொடுத்து வாங்கும் என்ஜினில் மஸ்டாங்குக்கு 271 வரை, பாரகுடாவுக்கு 180, கார்வேருக்கு 150. பிரேக் மூன்றிலும் பழைய டிரம் பிரேக்தான். எட்டு சிலிண்டர் என்ஜினைப் பூட்டிக்கொண்டு டிரம் பிரேக்கோடு பறப்பது பெரிய விஷப் பரீட்சை.

சாமான் இட வசதியில் பாரகுடா முதல். எந்திர நுட்பத்தில் கார்வேர் முதல். தோற்றத்திலும், ஆளுக்குத் தகுந்தபடி சாமான்களைத் தேர்ந்தெடுக்கும் வசதியிலும் மஸ்டாங் முதல். பரீட்சைத் தாள் திருத்தும் என்ஜினீயர் வேறு காருக்கு மார்க் போடலாம். கடைக்கு வந்த ஜனங்கள் மஸ்டாங்குக்குப் போட்டார்கள்.

மஸ்டாங்கில் மட்டும் குறை இல்லையா? இருந்தது. அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. பெட்ரோல் டாங்கியின் மேல்தகடே பின்பக்கச் சாமான் அறையின் தரை. அந்த அறைக்கும் பின் ஆசனத்துக்கும் நடுவே இரும்புத் தடுப்புச் சுவர் கிடையாது. பின்னால் வேறு வண்டி வேகமாக மோதினால் பெட்ரோல் ஆட்கள் பக்கம் வரக்கூடிய ஏற்பாடு. இதுவும் பால்கனில் இருந்து வந்த சொத்துதான். ஷோரூமில் காரைச் சுற்றி வந்தவர்கள் யாரும் சாமான் அறையின் கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை.

இன்னொரு ஓட்டல்காரர் மகன்

கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தவர் ஒருவர் வந்தார். அவர் ரால்ப் நேடர் என்ற இளம் வக்கீல். 1934-ல் பிறந்தவர். பெற்றோர் லெபனான் நாட்டில் இருந்து வந்து, கனெக்டிகட் மாநிலத்தில் வின்ஸ்டெட் என்ற சிறிய ஊரில் குடியேறியவர்கள். அப்பா நடத்தியது உணவுக்கடை!

பிழைக்க வந்த இரண்டு ஓட்டல்காரர்களின் பிள்ளைகள். ஒருவர் சம்பளக்காரனுக்குக் கார் விற்றார். மற்றவர் அந்தச் சம்பளக்காரனின் உயிருக்காகக் கேள்வி கேட்டார்.

1965 நவம்பரில் நேடர் ஒரு புத்தகம் வெளியிட்டார். எந்த வேகத்திலும் ஆபத்து என்பது அதன் தலைப்பின் பொருள். முதல் அத்தியாயமே கார்வேர் பற்றியது. விபத்து நடந்தால் ஓட்டியவனைக் குறை சொல்கிறீர்களே, செய்தவனைக் கேட்டீர்களா என்பது அவர் வாதம். பின்னால் போட்ட கம்பியை முதலிலேயே போட்டிருக்கலாமே, காசை மிச்சம் பிடிக்கத்தானே விட்டீர்கள் என்றும் கேட்டார்.

உலகத்திலேயே பெரிய மோட்டார் கம்பெனி என்ன செய்தது? நேடர் பின்னால் துப்பறிகிறவர்களை அனுப்பியது. குற்றம் குறை ஏதாவது அகப்படுமா என்று தேடினார்கள். விஷயம் வெளியே வந்தது. 1966 மார்ச்சில் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஜேம்ஸ் ரோச், செனட் சபைக் குழு முன்னால் நின்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் கார்களுக்குப் பாதுகாப்பு விதிகள் போடும் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். நேடர் போட்ட வழக்கில் 1970-ல் கம்பெனி 4 லட்சத்து 25 ஆயிரம் டாலர் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது.

இன்னொரு பக்கத்தையும் சொல்வதுதான் நியாயம். 1972-ல் அமெரிக்க அரசாங்கம் வெளியிட்ட ஆய்வில், 1960 முதல் 1963 வரை வந்த கார்வேர் அந்தக் காலத்து மற்றச் சிறிய கார்களைவிட மோசம் அல்ல என்று முடிவு சொன்னார்கள். அது கார்வேருக்கு நற்சாட்சியா, மற்றக் கார்களுக்குக் குற்றச்சாட்டா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளலாம். எப்படியானாலும் தீர்ப்பு வருவதற்குள் கார் செத்துவிட்டது. 1965-ல் இரண்டு லட்சத்துக்கு மேல் தயாரான கார்வேர், 1969-ல் வெறும் 6 ஆயிரம். அந்த மே மாதத்தோடு உற்பத்தி நின்றது.

அதற்கு முன்பே ஜெனரல் மோட்டார்ஸ் வழியை மாற்றிக்கொண்டது. மஸ்டாங் போலவே என்ஜின் முன்னால் உள்ள கமாரோ என்ற காரை 1966 செப்டம்பர் 29-ந்தேதி வெளியிட்டது. விலை 2,466 டாலர். 1967 மாடலில் கமாரோ 2 லட்சத்து 20 ஆயிரம் போனது. மஸ்டாங்கோ 4 லட்சத்து 72 ஆயிரம். எதிரி மூன்று அடி எடுத்து வைத்த பிறகு ஓடத் தொடங்கியவன் நிலை அதுதான். பாரகுடா 1974 ஏப்ரல் 1-ந்தேதி, சரியாகப் பத்து ஆண்டு முடிந்த அன்று, மூச்சை விட்டது. கமாரோ 2002-ல் நின்று, 2009-ல் மறுபடி பிறந்து, 2023 டிசம்பரில் மறுபடியும் நின்றது. மஸ்டாங் மட்டும் ஒரு ஆண்டுகூட நிற்கவில்லை. 2018 ஆகஸ்டில் ஒரு கோடியாவது மஸ்டாங் வெளிவந்தது.

2,000 டாலர் கணக்கு

வெற்றி பெற்ற கணக்கை மனிதன் லேசில் விடமாட்டான். அயகோக்கா அடுத்ததாகப் பின்டோ என்ற சிறிய காருக்கு எல்லை போட்டார். எடை 2,000 பவுண்டைத் தாண்டக் கூடாது, விலை 2,000 டாலரைத் தாண்டக் கூடாது. 1970 செப்டம்பரில் அது கடைக்கு வந்தது. பெட்ரோல் டாங்கி பின் அச்சுக்கும் பின் பம்பருக்கும் நடுவே இருந்தது. பின்னால் மோதிய விபத்துக்களில் தீப்பிடித்து ஆட்கள் இறந்தார்கள். 1978 ஜூன் மாதம் சுமார் 15 லட்சம் கார்களைப் பழுது பார்க்கத் திரும்ப அழைக்க நேர்ந்தது.

அடுத்த மாதமே ஹென்றி போர்டு அயகோக்காவை வேலையில் இருந்து நீக்கினார். அயகோக்கா நேராகப் போய்ச் சேர்ந்த இடம் கிரைஸ்லர், அதாவது பாரகுடா செய்த கம்பெனி! அது அப்போது திவாலாகும் நிலையில் இருந்தது. அரசு ஜாமீனில் கடன் வாங்கி அதைத் தூக்கி நிறுத்தினார். 1983-ல் அந்தக் கடனை முன்கூட்டியே அடைத்தார்.

1971-ல் ஜனாதிபதி நிக்சனை நேரில் பார்த்து, பாதுகாப்பு விதிகளால் தொழில் கெடுகிறது என்று முறையிட்டவர்களில் அயகோக்காவும் ஒருவர். மோதலின்போது விரிந்து ஆளைக் காக்கும் காற்றுப் பை வேண்டாம் என்று பல ஆண்டு வாதாடியவர். அவரே தலைவராக இருந்த கிரைஸ்லர்தான், 1990 மாடலில், அமெரிக்காவில் தான் செய்த எல்லாக் கார்களிலும் ஓட்டுநருக்குக் காற்றுப் பையைத் தனி விலை இல்லாமல் வைத்த முதல் அமெரிக்கக் கம்பெனி. பாதுகாப்பு விலை போகாது என்று நினைத்தவர், அது விலை போகும் காலம் வந்ததும் மாறிக்கொண்டார். அயகோக்கா 2019-ல் தன் 94-வது வயதில் காலமானார்.

நமக்கு என்ன?

அமெரிக்கக் குமாஸ்தாவுக்காகப் பிறந்த மஸ்டாங் 2016 ஜூலையில் முறைப்படி இந்தியாவுக்கு வந்தது. டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம் ரூபாய்! முழுக் காராகக் கப்பலில் வந்ததால் இறக்குமதி வரி சேர்ந்துகொண்டது. ஆறு மாதச் சம்பளத்தில் வாங்கிய கார், இங்கே கோடீஸ்வரர் வீட்டு வாசலில் நின்றது. அப்போது அதே போர்டு கம்பெனி சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் கார்களைச் செய்துகொண்டிருந்தது. அங்கே 2022-ல் கார் உற்பத்தி நின்றபோது வேலை இழந்தவர்கள் பலர்.

மஸ்டாங் நமக்கு எட்டாது. மஸ்டாங் விற்ற விதம் நம் வாசலிலேயே இருக்கிறது.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களை மோதவிட்டுப் பார்த்தது. ஆல்டோ 800, நானோ, ஐ10, பிகோ, போலோ. ஐந்திலும் காற்றுப் பை இல்லாத, விலை குறைந்த ஆரம்ப மாடல். பெரியவர்களைப் பாதுகாப்பதில் ஐந்தும் வாங்கிய நட்சத்திரம் பூஜ்யம். இவற்றில் போலோவை அதன் பிறகு காற்றுப் பை இல்லாமல் விற்பதையே கம்பெனி நிறுத்திக்கொண்டது. முதலிலேயே செய்திருக்க முடியும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அதன் பிறகு நம் நாட்டிலும் விதி வந்தது. ஓட்டுநருக்கு 2019 முதலும், பக்கத்து ஆசனக்காரருக்கு 2021 முதலும் காற்றுப் பை கட்டாயமாயிற்று. 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்ற பெயரில் நம் அரசே கார்களுக்கு நட்சத்திர மதிப்பெண் கொடுக்கும் ஏற்பாடும் தொடங்கியது.

மும்பையில் டாக்சி வாங்கப் பணம் சேர்ப்பவரும் இருக்கிறார். ஊருக்குப் போனால் சொந்தக் காரில் போய் இறங்க வேண்டும் என்று சீட்டுக் கட்டுபவரும் இருக்கிறார். ஆசை தப்பில்லை. ஷோரூமுக்குப் போகும்போது கையில் மூன்று கேள்வி இருக்கட்டும்.

விளம்பரத்தில் போட்ட விலை எந்த மாடலுக்கு? வரி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்துச் சாலையில் இறங்கும்போது எவ்வளவு? மாதத் தவணையைச் சொன்னால் போதாது, எத்தனை மாதம், கடைசியில் மொத்தம் எவ்வளவு என்று எழுதிக் காட்டச் சொல்ல வேண்டும். இது முதல் கேள்வி.

மேல் மாடலில் இருந்து இந்த மாடலுக்கு வரும்போது எதை எதை எடுத்தார்கள்? எடுத்தது ரேடியோவும் சக்கர மூடியுமானால் நஷ்டமில்லை, பிறகு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். எடுத்தது உயிர் காக்கும் சாமானானால் அந்த மலிவு வேண்டாம். இது இரண்டாவது.

மோதல் சோதனையில் எத்தனை நட்சத்திரம்? சோதனை செய்தது நாம் வாங்கப் போகும் அதே மாடலையா? இது மூன்றாவது.

விற்பனையாளர் காரின் கதவைத் திறந்து ஆசனத்தைத் தடவிக் காட்டுவார். பாட்டுப் போட்டுக் காட்டுவார். காட்டட்டும். அது முடிந்ததும் பின் கதவைத் திறக்கச் சொல்லி, கம்பளத்தைத் தூக்கிப் பார்க்கிற உரிமை பணம் கட்டுகிறவருக்கு உண்டு.